சீல் வைத்த வீட்டில் சாம்பிராணி

என்னை அந்த வீட்டுக்கு ரிசீவராகப் போட்ட அன்று நான் நீதிமன்றத்தில் வேறொரு வாய்தாவுக்காக உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தம்பி இருவருக்கிடையே பாகப்பிரிவினை வழக்கு. இரண்டு வக்கீல்களும் ஒரு மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்க இதுல எந்தப் பக்கத்துக்காவது ஆஜராகுறீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப நீங்களே ரிசீவரா இருங்க."

அவ்வளவுதான். அடுத்த வாரம் உத்தரவு நகல் கைக்கு வந்தது.

வழக்கு முடியும்வரை சொத்தை யாரிடமும் விடாமல் நீதிமன்றம் தன் கைக்கு எடுத்துக்கொள்வதுண்டு. அந்தக் கைக்குப் பெயர் ரிசீவர். சாவி என்னிடம் இருக்கும். ஆனால் ஒரு நாற்காலியை நகர்த்துவதானாலும் மனுப் போட்டு அனுமதி வாங்கித்தான் நகர்த்த முடியும். வழக்காடும் இருவரில் ஒருவர் உள்ளே போக வேண்டுமானாலும் நீதிமன்றம் சொல்ல வேண்டும். சொல்லாமல் யார் காலெடுத்து வைத்தாலும் அது நீதிமன்ற அவமதிப்பு. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடி கேட்டுக்கு சீல் வைத்த பிறகு பல மாதம் தோழர்களோடு வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்.

"சீல் வெச்ச எடத்துக்குத் தனியா போவாத" என்றார்.

"ஏம்ப்பா?"

"உள்ள தறி ஓடுற சத்தம் கேக்கும். பந்தல்ல ராத்திரி காவலுக்கு இருந்த நாலு பேருமே கேட்டோம். கரண்டே கெடையாது அப்போ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டி.வி. சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டார்.

வீடு ஊரின் தெற்குப் பக்கம், பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் இருந்தது. பழைய வீடு. தெருவில் பார்த்தால் குறுகலாகத் தெரியும். உள்ளே போனால் கூடம், முற்றம், அறைகள், அடுப்படி, கிணறு என்று அடுத்த தெரு வரை நீளும். இரண்டு பக்கமும் அடுத்தடுத்த வீடுகள் பொதுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுப்பெடுக்கும் அன்று நானும் நீதிமன்ற அமீனாவும் போனோம். அமீனா என்றால் உத்தரவை நேரில் நிறைவேற்றும் ஊழியர். ஐம்பது வயதுக்காரர், அரக்கும் மெழுகுவத்தியும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருப்பார். அண்ணன், தம்பி இருவரும் வந்திருந்தார்கள். அண்ணன் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளிருக்குப் பழகிய உடம்பில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. தம்பி இங்கேயே துணிக்கடை வைத்திருப்பவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "வீட்ல வேற யாராவது குடியிருக்காங்களா?"

"யாரும் இல்ல" என்றார் அண்ணன்.

"யாருமே இல்லீங்க" என்றார் தம்பி.

அந்த வழக்கில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பொருள்களைப் பட்டியல் எடுத்தேன். கட்டில் மூன்று, மர அலமாரி இரண்டு, தொழுகைப் பாய் ஒன்று, செம்பு அண்டா ஒன்று, பீங்கான் தட்டு பதினொன்று. தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. விளிம்பில் ஈரம் இருந்தது. நான் விரலால் தொட்டுப் பார்த்ததைத் தம்பி கவனித்தார்.

"காலைல டீ குடிச்சோம்" என்றார்.

டீ குடிக்க எதற்குத் தட்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நீதிமன்ற உத்தரவோடு சேர்த்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். கொல்லைக் கதவை உள்ளிருந்து தாழிட்டு அதன்மேல் காகிதம் ஒட்டி அரக்கு வைத்தோம். வாசலில் பூட்டுப் போட்டு அதற்கும் அரக்கு. அமீனா முத்திரையை அழுத்தி ஊதி ஆறவைத்தார். ஒரே சாவி. அதை என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுக்கொண்டேன்.

முதல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். வாசல் சீல் அப்படியே இருந்தது. உடைத்துத் திறந்தோம். பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு முடை நாற்றம் உண்டு, அதற்காகப் புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டு போனேன். வந்தது சாம்பிராணி வாசம். லேசாக, நேற்று மாலை போட்டதுபோல. கூடத்துத் தரையில் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். என் கால்தடம் விழவில்லை. ஒரு மாதத் தூசி இருக்க வேண்டிய தரை அது.

"பக்கத்து வீட்லேர்ந்து வருது மேடம், வாசன" என்றார் அமீனா. ஆனால் அவர் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

கொல்லைக் கதவின் அரக்கு உடையவில்லை. ஜன்னல்கள் உள்தாழ் போட்டபடி இருந்தன. அறிக்கையில், 'வீடு நல்ல நிலையில் உள்ளது, முத்திரைகள் சிதையவில்லை' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டாம் மாதம் கிணற்றுக் கயிறு நனைந்திருந்தது. முற்றத்துத் தொட்டியில் ஒரு மருதாணிச் செடி. கோடை வெயிலில் கருகியிருக்க வேண்டியது பச்சையாக நின்றது. மண்ணில் விரலை விட்டேன், ஈரம். எழுந்து நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அண்ணாந்து மேலே பார்த்தால் முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி வலை, அதற்கு மேல் வெள்ளையாக வானம். பூனை கூட நுழைய முடியாது. நடு அறைக் கட்டிலில் தலையணை நடுவே ஒரு குழி இருந்தது. நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

அந்த மாத அறிக்கையிலும் கயிற்றைப் பற்றி எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? சீல் வைத்த வீட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள், முத்திரை மட்டும் உடையவில்லை என்றா? இருபது வருட வக்கீல் தொழிலில் சிரிப்புக்கு இடம் கொடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அரியாங்குப்பத்தில் என் வீட்டுக்குள் நுழையும்போதே கண் தானாகப் பொருள்களை எண்ண ஆரம்பித்தது. நாற்காலி நான்கு. டம்ளர் ஆறு. ஒருநாள் என் கணவர், "என்னா தேடுற?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, எல்லாம் வெச்ச எடத்துல இருக்கான்னு பாத்தேன்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம் அலமாரியில் மடித்து வைத்திருந்த தொழுகைப் பாய் கூடத்தில் மேற்கு நோக்கி விரித்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. வாசலுக்கு வந்து அமீனாவைக் கூப்பிட்டேன்.

"உள்ள வந்து பாருங்க."

"எனக்கு ஆர்டர்ல சீல் வெக்கத்தான் சொல்லியிருக்காங்க மேடம். உள்ள போவச் சொல்லலையே" என்றார். அவர் உதடு காய்ந்திருந்தது.

இதை நான் எழுதுவதற்குள் தம்பி முந்திக்கொண்டார். வீட்டுக்குள் வாளிச் சத்தம் கேட்பதாகத் தெருவில் பேசுகிறார்கள், ரிசீவர் அண்ணனுடைய ஆட்களை ரகசியமாக உள்ளே விடுகிறார், அவரை நீக்க வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். அண்ணன் அதற்குப் பதில் மனுவில், ரிசீவர் தம்பிக்கு வேண்டியவர் என்றார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"சாவி எத்தனை?"

"ஒண்ணுதாங்க ஐயா. எங்கிட்ட இருக்கு."

"சீல் ஒடைஞ்சிருந்துதா?"

"ஒரு தடவகூட இல்லீங்க."

"அப்ப யாரு தண்ணி எறைக்கிறது?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. கயிறு, செடி, பாய் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். முன்பே ஏன் எழுதவில்லை என்று கேட்டார். "நம்ப மாட்டீங்கன்னு பயந்தேன்" என்றேன். "ரிசீவர் பாக்குறதுதான் கோர்ட்டு பாக்குறது. நீங்க கண்ண மூடிக்கிட்டா நாங்க குருடு" என்றார். ஒரு வாரத்துக்குள் வீட்டை முழுக்கச் சோதித்து உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

மறுநாளே போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். அமீனா வாசலில் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம் என்று அதன் முன்னே நின்றேன்.

பீங்கான் தட்டு பதினொன்று என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதன் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் பெரிய பெரிய எழுத்தில்: 'பன்னிரண்டு. ஒன்று அடுப்படி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.'

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அமீனாவின் செருப்பு நுனி மட்டும் வெயிலில் தெரிந்தது. ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் என்னவென்று எழுதுவேன்?

அடுப்படி இருட்டாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மர அலமாரி, பாத்திரங்களோடு. நான் அன்று பட்டியல் எடுத்தபோது அதை நகர்த்திப் பார்க்கவில்லை. இப்போது பக்கவாட்டில் கையை விட்டேன். விரல் நுனியில் காற்று பட்டது. சுவரிலிருந்து எப்படிக் காற்று வரும்? அலமாரியைத் தள்ளினேன். கனமாக இருக்கும் என்று நினைத்தது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, அடியில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். பின்னால் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு கதவு. பாதி திறந்திருந்தது. அதன் படியில் பீங்கான் தட்டு ஒன்று. அதற்கு அந்தப் பக்கம், முக்காடு போட்ட ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கத்திடாதீங்க வக்கீலம்மா" என்றது அந்த முகம்.

எனக்குக் கத்தவும் வரவில்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி. வெள்ளை முக்காடு, மெலிந்த கை.

"யாரு நீங்க?"

"இந்த வூட்டுப் பொண்ணு."

"இந்த வீட்ல ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க மட்டும்தான்னு கோர்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

"தெரியும். நீங்க செவுத்துல ஒட்டுன பேப்பர்ல படிச்சேன்." குரலில் கோபமே இல்லை. "எங்க வாப்பாவுக்கு வாரிசு ரெண்டு பேருன்னு போட்டிருந்திச்சு. நான் மூணு தடவ படிச்சேன்."

அங்கேயே அடுப்படித் தரையில் உட்கார்ந்து பேசினோம். அவர் மூத்தவர். கல்யாணம் ஒரு வருடத்தில் முறிந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர், வாப்பாவையும் உம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். நான் பொறுப்பெடுக்க வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு துணிக்கடைத் தம்பி வந்து, கோர்ட்டு ஆட்கள் வருகிறார்கள், உன்னைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லி, மற்ற தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தவரை, கடைசியாகச் சாப்பிட்ட தட்டைக் கழுவக் கூட விடாமல் கடலூரில் உறவுக்காரர் வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். கழுவாத அந்தத் தட்டை அவசரத்தில் யாரோ அலமாரிக்குப் பின்னால் செருகியிருக்கிறார்கள். கடலூரில் அவருக்கு ஒரு இரவுகூடத் தூக்கம் வரவில்லை. மறுநாளே திரும்பி வந்தார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் விதவை அவருக்குச் சின்ன வயதுத் தோழி. அந்தக் காலத்தில் பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வர இப்படிச் சுவரில் கதவு வைத்திருந்தார்களாம். வாப்பா காலத்திலேயே ஆணியடித்து மூடியது. தோழிகள் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கியிருக்கிறார்கள்.

"கோர்ட்டு சீல் வெச்ச வீட்டுக்குள்ள வரலாமா அம்மா? ஜெயில்லகூடப் போடுவாங்க."

"தெரியாது. வியாழக்கெழம சாம்பிராணி போடணும். செடிக்குத் தண்ணி ஊத்தணும். இதெல்லாம் யாரு செய்வா?"

"பேப்பர்ல ஏன் எழுதுனீங்க?"

அவர் தட்டைத் துடைத்தார். "தப்பா இருந்திச்சு. கோர்ட்டு பேப்பர்ல தப்பு இருக்கக் கூடாதுல்ல?"

நான் சொன்னேன், "நான் உங்களுக்கு வக்கீல் இல்லம்மா. உங்க தம்பிங்களுக்கும் இல்ல. நான் கோர்ட்டு ஆளு. இங்க பாத்தத அப்படியே எழுதித்தான் ஆகணும். உங்களுக்குப் பாதகமாக்கூட வரும்."

"எழுதுங்க" என்றார் அவர். "நான் இருக்கேன்னு எழுதுங்க."

எழுதினேன். அவர் சொன்ன பெயர், வாப்பா பெயர், கதவு, தட்டு, பென்சில் எழுத்து, எல்லாம். நீதிபதி அறிக்கையைப் படித்துவிட்டு, அந்தப் பெண்மணிக்குப் பக்கத்து வீட்டு முகவரியில் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். வாய்தாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணனுடைய வக்கீல் ஒரு ஆட்சேபணை தாக்கல் செய்து எனக்கும் நகல் கொடுத்தார். அதோடு, 'மேரி' என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்த நகல் ஒன்று, பிரெஞ்சில். கீழே தமிழாக்கம். அறிக்கையில் நான் எழுதிய அதே பெயர். அதே வாப்பா. அதே வீடு. இறப்புப் பதிவு.

அறுபத்தைந்து வயதுப் பெண்மணி என்று நான் எழுதியிருந்தவர், அந்தப் பதிவின்படி, இரண்டு வயதில் இறந்துபோனவர்.

கோர்ட் வராந்தாவில் அண்ணன் என்னிடம் வந்தார். "மேடம், மேரில நானே நேர்ல போய் எடுத்த எக்ஸ்த்ரே, பதிவேட்டு நகல். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவு, தப்பே வராது. நீங்க யாரப் பாத்தீங்களோ எனக்குத் தெரியாது" என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அமீனாவைத் தேடிப் போனேன். "அன்னிக்கு அந்த அம்மா பேசுன சத்தம் உங்களுக்குக் கேட்டுதுல்ல?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பேசுனது கேட்டிச்சு மேடம். வேற கொரல் கேக்கல."

"நோட்டீஸ் குடுத்தீங்களே, யாரு வாங்குனா?"

"பக்கத்து வூடு பூட்டியிருந்திச்சு மேடம். கதவுல ஒட்டிட்டு வந்தேன்."

அன்று மாலை நானே போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. நோட்டீஸ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எதிர்க் கடைக்காரரைக் கேட்டேன். ஊருக்குப் போயிருப்பாங்க, தெரியல என்றார். அங்கே ஒரு அக்கா வந்து தங்கியிருந்தாங்களே என்றேன். "அப்படி யாரையும் பாக்கலையே" என்றார். அவர் பார்த்திருக்க வழியில்லை. அந்த அம்மா தெருவில் இறங்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்கூட்டரை எடுக்காமல் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில்தான் சீல் வைத்த வீடு. சாவி என் பையில். ஆனால் நீதிமன்றம் சொல்லாத நாளில் நானும் அதைத் திறக்கக் கூடாது.

அந்த நான்கு நாளும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அடுப்படியில் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் அவர் கையைத் தொட்டேனா? இல்லை. தண்ணீர் ஏதாவது வாங்கிக் குடித்தேனா? இல்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். "நாங்க கேட்ட தறி சத்தத்த யார்ட்டயும் எழுதிக் குடுக்கல. நீ எழுதிட்ட. எழுதுனது எழுதுனதுதான்" என்றார்.

வாய்தா அன்று வழக்கைக் கூப்பிட்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நீதிபதி பதிவு நகலைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க பாத்ததா எழுதியிருக்கிற ஆளு வந்திருக்காங்களா?"

நீதிமன்றச் சேவகரான டபேதார் வாசலில் நின்று பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். இரண்டு வயதில் இறந்த குழந்தையின் பெயர். முதல் முறை யாரும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கூப்பிட்டு அவர் திரும்பும்போது, வராந்தாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டு அம்மா. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண் கூச, அடுப்படியில் நான் பார்த்த அந்த அம்மா. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சிரைத்தது. கூண்டருகே வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

தம்பி சடாரென்று எழுந்தார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "லாத்தா, இந்தா. மொள்ள குடி."

லாத்தா என்றால் அவர்கள் பேச்சுவழக்கில் அக்கா.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது புரிந்தது. பாட்டில் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா மட்டும் அதை வாங்கி நிதானமாகத் தண்ணீர் குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு நான்கு நாள் கழித்து முழு மூச்சு வந்தது.

நீதிபதி அந்தப் பதிவு நகலை அவரிடம் காட்டச் சொன்னார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது என் அக்கா. எனக்கு முன்னாடி பொறந்தது. மௌத்தாயிடுச்சு. அது பேரத்தான் எனக்கு வெச்சாங்க."

நகராட்சிப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒரே தகப்பனுக்கு, ஒரே பெயரில், மூன்று வருட இடைவெளியில் இரண்டு பிறப்பு. ஒரு இறப்பு. அண்ணன் அந்த இறப்பை மட்டும் நகல் எடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீல் வைத்த வீட்டுக்குள் நுழைந்தது தவறு என்று நீதிபதி அந்த அம்மாவை எச்சரித்தார். அவரும் மன்னிப்புக் கேட்டார்; தோழியோடு கடலூருக்குப் போயிருந்ததாகவும், முந்தின இரவு திரும்பியபோதுதான் கதவில் நோட்டீஸைப் பார்த்ததாகவும் சொன்னார். மறைத்ததற்காக அண்ணன் தம்பி இருவருக்கும் நோட்டீஸ் போனது. சட்ட உதவி மையத்திலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரு வக்கீல் கிடைத்தார், வழக்கில் அவரும் ஒரு தரப்பானார். வழக்கு முடியும்வரை அவர் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் உரிமையாளராக அல்ல, ரிசீவரின் அனுமதியின் பேரில், நீதிமன்றத்தின் கீழ் என்று உத்தரவானது. மாதாமாதம் நான் போய்க் கையெழுத்து வாங்குவேன். தான் பிறந்த வீட்டில் என் அனுமதியில் இருப்பதாக அவர் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுப்பார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து மூவரும் சமாதானமானார்கள். இப்போதும் அண்ணன் அக்காவோடு பேசுவதில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். அடுப்படி, கிணறு, நடு அறை உள்ள பின்பகுதி அந்த அம்மாவின் பாகத்துக்கும், முன்பகுதி மற்ற இருவருக்கும் வந்தது. ரிசீவரை விடுவிக்கும் உத்தரவை வாங்கிக்கொண்டு, சாவியை ஒப்படைக்கப் போனேன். தம்பி முன்பகுதிக்கான சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாவும் இருந்தார்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேட்டிருந்தேனே."

இறந்த அக்காவின் பதிவு நகல் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். மனுப் போட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தேன். கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மா சிறுவயதில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தில் விரல் வைத்து மெதுவாகப் படித்துச் சொன்னார்.

"மௌத்தானது காலைல ஏழு மணிக்கு. தகப்பன் வீட்ல, அதாவது இங்கதான்."

"எந்த ரூம்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போட மாட்டாங்கடி."

அந்த அம்மா தலையாட்டினார். முற்றத்தில் வெயில் சுவரோரம் ஏறிக்கொண்டிருந்தது.

"வாப்பா என்னப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு" என்றார் பிறகு. "நான் எதிர்லயே நிப்பேன். அவரு என்னத் தாண்டி அந்தப் பக்கம் பாத்துக் கூப்புடுவாரு. சின்னப் புள்ளையில நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன், யார்னு."

"யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறவர் முகம் அது.

"நான் பாக்கல" என்றார். "ஆனா அவரு வெறுமனே கூப்புடுற ஆளு இல்ல."

விடுவிப்பு உத்தரவின் நகலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.